எம்பெடெட் சி-யில் எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றுவது எப்படி: முதல்முறை இறங்குபவர்களுக்கு

கம்ப்யூட்டரில் சி படித்தவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. பிரின்ட்எஃப் ஒரு வரி, எண் திரையில் வந்துவிடும். அதே வரியை மைக்ரோகன்ட்ரோலரில் எழுதிப் பாருங்கள். எண் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வரும், அல்லது ஒன்றுமே வராது. சில சமயம் எண் சரியாக வந்து பக்கத்து வேரியபிள் கெட்டுப்போகும். சில சமயம் போர்டு அப்படியே உறைந்து நிற்கும். இந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நான் பட்டுவிட்டேன். தேடினால் கிடைப்பவை துண்டு துண்டான பதில்கள்; ஒருவர் சிப்புக்குச் சரியானது அடுத்தவர் சிப்புக்குத் தப்பாக இருக்கும். அதனால் எந்த வரிசையில் யோசித்தால் சிக்காமல் தப்பிக்கலாமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: ஃபங்ஷன் பெயர்களையும் ஃபார்மட் குறிகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். '%டி', '%எஃப்' என்று இங்கே இருப்பதை எடிட்டரில் வழக்கமான எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

கோடு எழுதும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்து ஒரு தாளில் குறித்து வையுங்கள்.

முதலாவது, சிப்பின் டேட்டாஷீட். ஃபிளாஷ் எவ்வளவு, ரேம் எவ்வளவு, வகுத்தலுக்கு ஹார்ட்வேர் உண்டா என்று பாருங்கள். ஏடிமெகா328பி-யில் ஃபிளாஷ் 32 கேபி, ரேம் 2 கேபி. ஏடிடைனி13-இல் ஃபிளாஷ் 1 கேபி, ரேம் வெறும் 64 பைட். இரண்டுக்கும் ஒரே யோசனை செல்லாது.

இரண்டாவது, கம்பைலர் கையேடு. அதில் 'இன்ட்' எத்தனை பிட் என்று பார்க்க வேண்டும். ஏவிஆர் (ஏடிமெகா, ஏடிடைனி சிப்புகளின் குடும்பம்) ஜிசிசி-யிலும் பிக் சிப்புகளுக்கான எக்ஸ்சி8-இலும் இன்ட் 16 பிட். ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சிப்புகளில் 32 பிட். ஒரு போர்டில் ஓடிய கோடு இன்னொன்றில் தப்பு எண் காட்டுகிறது என்று வரும் புலம்பல்களில் பெரும்பகுதிக்கு இந்த ஒரு வித்தியாசமே காரணம்.

மூன்றாவது, சி லைப்ரரியின் கையேடு. கம்பைலர் வேறு, லைப்ரரி வேறு. ஆர்ம் ஜிசிசி-யோடு நியூலிப் வரும், அதன் சுருக்க வடிவமான நியூலிப்-நேனோவும் வரும். உங்கள் புராஜெக்டில் எது இணைக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஏவிஆர்-க்கு ஏவிஆர்-லிப்சி.

நான்காவது, பில்ட் முடிந்ததும் லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரியோடு இணைக்கும் நிரல்) எழுதித் தரும் மேப் கோப்பு. எந்த ஃபங்ஷன் எத்தனை பைட் தின்றது என்பதற்கு அதுதான் கணக்குப் புத்தகம். அது உருவாகவில்லை என்றால் லிங்கர் அமைப்பில் இயக்கிக்கொள்ளுங்கள்.

2. எண் 5 வேறு, எழுத்து '5' வேறு

யூஆர்ட் (சிப்பின் சீரியல் போர்ட்) வழியாக 65 என்ற எண்ணை அப்படியே அனுப்பினால் டெர்மினலில் பெரிய 'ஏ' எழுத்து வரும். 7 அனுப்பினால் சில டெர்மினல்கள் மணி அடிக்கும். 13 அனுப்பினால் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஓடிவிடும். நீங்கள் அனுப்பியது எண்ணை. டெர்மினல் எதிர்பார்ப்பது ஆஸ்கி எழுத்தை.

ஆஸ்கியில் '0' என்ற எழுத்தின் மதிப்பு 48, '9' என்பதன் மதிப்பு 57. நடுவில் இடைவெளி இல்லை. ஆகவே ஒற்றை இலக்க எண் எதுவானாலும் 48-ஐக் கூட்டினால் அதற்குரிய எழுத்து கிடைத்துவிடும். கோடில் 48 என்று எழுதாமல் ஒற்றை மேற்கோளுக்குள் '0' என்று எழுதுங்கள், படிப்பவருக்குப் புரியும்.

இந்த வித்தை ஒற்றை இலக்கத்துக்கு மட்டும்தான். 12-உடன் 48 கூட்டினால் 60 வரும்; அது '<' குறி. டிஸ்பிளேயில் 9 வரை ஒழுங்காக எண்ணிவிட்டு அடுத்து ':' , ';' , '<' என்று வர ஆரம்பித்தால் காரணம் இதுதான்.

3. பஃபர் அளவை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் வரிசை, முடிவில் மதிப்பு 0 உள்ள ஒரு பைட். அதை நல் என்பார்கள். எண்ணின் இலக்கங்கள், கழித்தல் குறி, நல் மூன்றுக்கும் சேர்த்து இடம் வேண்டும். அதற்காக ஒதுக்கும் எழுத்து அரேதான் பஃபர். முழு எண்களுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவு இது:

குறியில்லாத 8 பிட் (255 வரை): 4 பைட்
குறியுள்ள 8 பிட் (-128 வரை): 5 பைட்
குறியில்லாத 16 பிட் (65535 வரை): 6 பைட்
குறியுள்ள 16 பிட் (-32768 வரை): 7 பைட்
குறியில்லாத 32 பிட் (4294967295 வரை): 11 பைட்
குறியுள்ள 32 பிட் (-2147483648 வரை): 12 பைட்
64 பிட், குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும்: 21 பைட்

அலகையும் அதே பஃபரில் சேர்ப்பதாக இருந்தால் அதற்கும் இடம் கூட்டுங்கள். தசமப் புள்ளிக்கு ஒரு பைட்.

நிறையப் பேர் இடறுவது நல் பைட்டில். 255-க்கு மூன்று எழுத்துதானே என்று 3 பைட் ஒதுக்கினால் நல் நான்காவது இடத்தில், அதாவது பக்கத்தில் இருக்கும் வேறொரு வேரியபிளின் மேல் போய் உட்காரும். டிஸ்பிளே சரியாகத்தான் காட்டும். ஆனால் சம்பந்தமே இல்லாத ஒரு கவுன்டர் அவ்வப்போது பூஜ்ஜியமாகும். மதிப்பு 99-ஐத் தாண்டும்போது மட்டும் இது நடப்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும். 'நம் மதிப்பு 100-ஐத் தாண்டாது' என்று நினைத்துக் குறைவாக ஒதுக்காதீர்கள். சென்சார் கழன்றால் என்ன மதிப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. வகை எதுவோ அதற்குரிய முழு அளவையும் ஒதுக்கிவிடுங்கள்.

4. எந்த வழி? மூன்றே மூன்றுதான்

அ) எஸ்என்பிரின்ட்எஃப். எல்லாம் செய்யும், எடை அதிகம். ஃபிளாஷில் சில கேபி எடுக்கும். தசம வசதியையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஸ்டாக்கும் தாராளமாக வேண்டும். ஆனால் ஒருமுறை இணைத்துவிட்டால் பத்து இடத்தில் கூப்பிட்டாலும் அந்த எடை ஒருமுறைதான். 64 கேபி, 128 கேபி ஃபிளாஷ் உள்ள சிப்பில் தயங்காமல் பயன்படுத்தலாம். இதன் அண்ணன் ஸ்பிரின்ட்எஃப்-ஐ மட்டும் மறந்துவிடுங்கள். பஃபர் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதே இல்லை.

ஆ) ஐ-டூ-ஏ குடும்பம். முழு எண்ணை ஸ்ட்ரிங்காக்க மட்டுமே இருப்பவை. எடை குறைவு. ஆனால் இது சி தரநிலையில் இல்லாத ஃபங்ஷன். ஏவிஆர்-லிப்சியில் உண்டு, நியூலிப்பில் உண்டு, வேறொரு கம்பைலரில் இல்லாமலும் போகலாம். ஏவிஆர்-இல் ஐ-டூ-ஏ வாங்குவது 16 பிட் இன்ட் என்பதை மறந்து 70000 உள்ள 32 பிட் வேரியபிளைக் கொடுத்தால் 4464 என்று வரும், எச்சரிக்கை எதுவும் இல்லாமல். 32 பிட்டுக்கு எல்-டூ-ஏ, குறியில்லாததற்கு யூ-எல்-டூ-ஏ என்று தனித்தனியாக இருக்கின்றன. பஃபர் அளவை இவையும் கேட்பதில்லை.

இ) கையால் எழுதுவது. பத்துப் பன்னிரண்டு வரிதான். எந்தச் சிப்புக்கும் போகும், எடை மிகக் குறைவு.

என் கருத்து: பெரிய சிப் வைத்திருந்தாலும் மூன்றாவதை ஒருமுறையாவது எழுதிப் பாருங்கள். அதை எழுதியவருக்கு மற்ற இரண்டும் எங்கே தப்பு செய்யும் என்று தானாகத் தெரிந்துவிடும்.

5. கையால் மாற்றுவது

10-ஆல் வகுத்தால் மீதி கடைசி இலக்கம். ஈவை மறுபடி 10-ஆல் வகுத்தால் அதற்கு முந்தைய இலக்கம். 407-ஐ எடுத்துக்கொள்வோம்:

407 % 10 = 7, எழுத்து 55, மிச்சம் 40
40 % 10 = 0, எழுத்து 48, மிச்சம் 4
4 % 10 = 4, எழுத்து 52, மிச்சம் 0

இலக்கங்கள் வலமிருந்து இடமாகக் கிடைக்கின்றன. பல எடுத்துக்காட்டுகளில் இவற்றை இடமிருந்து அடுக்கிவிட்டு, பிறகு ஸ்ட்ரிங்கைத் தலைகீழாகப் புரட்ட இன்னொரு லூப் எழுதியிருப்பார்கள். தேவையில்லை. பஃபரின் வால் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டு முன்னே வாருங்கள் (கீழே 'முனை' என்பது பாயின்டர்):

முனை = பஃபரின் கடைசி இடம்
*முனை = 0
திரும்பத் திரும்ப:
    முனை = முனை - 1
    *முனை = '0' + (எண் % 10)
    எண் = எண் / 10
எண் 0 ஆகும்வரை
முனையைத் திருப்பிக் கொடு

ஃபங்ஷன் திருப்பித் தருவது பஃபரின் தொடக்கம் அல்ல, முதல் இலக்கம் இருக்கும் இடம். அச்சிடும்போது அந்த முனையைத்தான் கொடுக்க வேண்டும். பஃபரின் தொடக்கத்தைக் கொடுத்தால் முன்னால் இருக்கும் குப்பையும் சேர்ந்து வரும்.

இதில் நான்கு பொறிகள் உண்டு.

பூஜ்ஜியம். லூப்பின் நிபந்தனையை மேலே வைத்து 'எண் 0-ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை' என்று எழுதினால், எண் 0 ஆக இருக்கும்போது லூப்புக்குள்ளேயே போகாது; வெற்று ஸ்ட்ரிங் கிடைக்கும். நிபந்தனை அடியில் இருக்க வேண்டும். அதாவது டூ-வைல்.

எதிர்மறை. சி99 முதல் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும், மீதிக்கு வகுபடும் எண்ணின் குறியே வரும். -407 % 10 என்பது -7. அதோடு 48 கூட்டினால் 41, அது ')' குறி. அடுத்த இலக்கம் 48, எழுத்து '0'. அடுத்தது -4 கூட்டல் 48, அதாவது 44, அது ','. ஆக, -407-க்குப் பதிலாக டிஸ்பிளேயில் ',0)' என்று நிற்கும். இப்படி அடைப்புக்குறியும் காற்புள்ளியும் கலந்து வந்தால் டிஸ்பிளே வயரைச் சந்தேகிக்க வேண்டாம். எதிர்மறை எண் ஒன்று நேராக உள்ளே போயிருக்கிறது. குறியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, எண்ணை நேர்மறையாக்கி மாற்றி, கடைசியில் '-' சேர்க்க வேண்டும்.

எதிர்மறையின் கடைசி எண். நேர்மறையாக்க முன்னால் கழித்தல் குறி போட்டால் போதும் என்று தோன்றும். -32768-ஐ 16 பிட்டில் அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் 16 பிட் குறியுள்ள வகையில் +32768 என்ற எண்ணே இல்லை. இன்ட் 16 பிட் ஆக உள்ள சிப்பில் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. 32 பிட்டில் -2147483648-க்கும் இதே கதி. குறியில்லாத வகைக்கு மாற்றிவிட்டு, அதை 0-இலிருந்து கழியுங்கள். குறியில்லாத கணக்கில் சுற்றி வருவது தரநிலையிலேயே வரையறுக்கப்பட்டது. சரியான அளவு கிடைக்கும்.

பஃபர் எங்கே வாழ்கிறது. ஃபங்ஷனுக்குள் சாதாரண லோக்கல் அரேயாக வைத்து அதன் முனையைத் திருப்பித் தந்தால், ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். ஸ்டாடிக் என்று போட்டால் இந்தப் பிரச்சினை தீரும், வேறொன்று வரும்: வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரே வரியில் மாற்றி அச்சிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே எண் தெரியும், பஃபர் ஒன்றுதானே. கூப்பிடுபவர் தன் பஃபரையும் அதன் அளவையும் உள்ளே அனுப்புவதே ஒழுங்கு.

பதினாறடிமானத்தில் காட்டுவதாக இருந்தால் வகுத்தலே வேண்டாம். நான்கு நான்கு பிட்டாக நகர்த்தி, 9 வரை 48-ஐயும் அதற்கு மேல் 55-ஐயும் கூட்டினால் முடிந்தது. டீபக் செய்யும்போது ரெஜிஸ்டர் மதிப்புகளுக்கு இதுவே போதும்.

6. தசமப் புள்ளி: இங்கேதான் நேரம் போகும்

புதியவர்கள் முதலில் கை வைப்பது '%எஃப்'. ஏவிஆர்-லிப்சியில் சாதாரணமாக இணைத்தால் அந்த இடத்தில் '?' வரும். நியூலிப்-நேனோவில் எண்ணே வராது, வெற்றிடம். இரண்டும் பிழையல்ல, இடம் மிச்சப்படுத்த அந்த வசதியை வெளியே வைத்திருக்கிறார்கள். ஏவிஆர்-இல் லிங்கருக்கு மிதவைப்புள்ளி (ஃப்ளோட்) பிரின்ட்எஃப் லைப்ரரியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். நேனோவில் அதற்கென்று ஒரு லிங்கர் விருப்பம் உண்டு. எஸ்டிஎம்32 கியூப் ஐடிஇ-யில் அது எம்சியூ அமைப்புகளுக்குள் ஒரு டிக் பெட்டியாகவே இருக்கிறது. ஏவிஆர்-இல் டி-டூ-ஸ்டர்-எஃப் என்ற தனி ஃபங்ஷனும் இருக்கிறது. மொத்த அகலம், புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று கேட்டு மாற்றித் தரும்.

இதையெல்லாம் இயக்குவதற்கு முன் ஒரு கேள்வி: உங்களுக்கு மிதவைப்புள்ளி உண்மையிலேயே வேண்டுமா? சென்சார் தருவது பெரும்பாலும் முழு எண்தான். அதை ஃப்ளோட் ஆக்கி, பெருக்கி, பிறகு இலக்கம் இலக்கமாக உடைப்பது சுற்றுவழி. முழு எண்ணாகவே வைத்திருங்கள். புள்ளியை எழுதும் கணத்தில் மட்டும் நடுவில் செருகுங்கள்.

டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரை எடுத்துக்கொள்வோம். 12 பிட் நிலையில் அது தருவது ஒரு டிகிரியில் 16-இல் ஒரு பங்கு, அதாவது 0.0625. மூல மதிப்பு 401 என்றால், 401 × 625 = 250625. இது வெப்பநிலையின் பத்தாயிரம் மடங்கு. 10000-ஆல் வகுத்தால் ஈவு 25, மீதி 625.

முதல் பொறி இங்கேயே இருக்கிறது. 25, ஒரு புள்ளி, 625 என்று வரிசையாக அச்சிட்டால் 25.625 என்று வரும். உண்மையான வெப்பநிலை 25.0625. பின்னப் பகுதியின் முன் பூஜ்ஜியம் காணாமல் போய்விட்டது. மீதியை எப்போதும் நிலையான அகலத்தில், பூஜ்ஜியம் நிரப்பி எழுத வேண்டும்: இங்கே '%04', நூறில் பங்கு என்றால் '%02'. இந்தப் பிழை மோசமானது, ஏனென்றால் காட்டும் எண் நம்பும்படியாக இருக்கும்.

இரண்டாவது, எதிர்மறை. மூல மதிப்பு -8 என்றால் -0.5 டிகிரி. -8 × 625 = -5000. ஈவு 0, மீதி -5000. அப்படியே அச்சிட்டால் '0.-5000'. மீதியை மட்டும் நேர்மறையாக்கினால் '0.5000', கழித்தல் குறி போயே போச்சு, ஏனென்றால் முழு எண் 0-க்குக் குறி கிடையாது. -1-க்கும் 0-க்கும் நடுவில் மட்டும் தவறும் இந்தப் பிழை, அறை வெப்பத்தில் எத்தனை முறை சோதித்தாலும் வெளியே வராது. ஐந்தாம் படியில் சொன்ன அதே மருந்துதான்: குறியை முதலில் எடுத்து வையுங்கள், மீதி வேலை முழுவதையும் நேர்மறை அளவில் செய்யுங்கள்.

மூன்றாவது, முழுமையாக்கல் (ரவுண்டிங்). ஓர் இலக்கம் போதும் என்றால் முழுப் பகுதியைப் பிரித்த பிறகு பின்னத்தை மட்டும் முழுமையாக்கக் கூடாது. 9960 மில்லிவோல்ட்டை ஓர் இலக்கத்தில் காட்டுகிறீர்கள். முழுப் பகுதி 9, பின்னம் 960. பின்னத்தை நூறுகளுக்கு முழுமையாக்கினால் 10. திரையில் '9.10' வோல்ட். முதலில் மொத்தத்தையும் முழுமையாக்குங்கள்: (9960 + 50) / 100 = 100. பிறகு பிரித்தால் 10, 0. திரையில் '10.0'.

இதே இடத்தில் இன்னொரு சின்ன விஷயம். -0.04-ஐ ஓர் இலக்கத்துக்கு முழுமையாக்கினால் '-0.0' வரும். முழுமையாக்கிய பிறகு அளவு 0 என்றால் குறியைக் கைவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து, அந்தச் சென்சாருக்கு ஓர் இலக்கத் தசமம் இப்படி:

எதிர்மறை = (மூலம் < 0)
அளவு = மூலத்தின் நேர்மறை மதிப்பு, 32 பிட்டில்
பத்து = (அளவு × 625 + 500) / 1000
பத்து 0 என்றால் எதிர்மறை இல்லை
முழு = பத்து / 10
பின்னம் = பத்து % 10

பிறகு குறி, முழு, '.', பின்னம் என்று அடுக்க வேண்டியதுதான். 401-க்கு 25.1 வரும், -8-க்கு -0.5 வரும்.

'32 பிட்டில்' என்று சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்ட் 16 பிட் ஆக உள்ள சிப்பில் இடைக்கணக்கு வழிந்துவிடும். 10 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) மதிப்பு 512, ரெஃபரன்ஸ் 5 வோல்ட். மில்லிவோல்ட் வேண்டும் என்று 512 × 5000 / 1024 எழுதுகிறீர்கள். வர வேண்டியது 2500. ஏடிசி மதிப்பு குறியில்லாத 16 பிட்டில் இருந்தால், 2560000 அதில் அடங்காமல் சுற்றி 4096 ஆகும். அதை 1024-ஆல் வகுத்தால் 4. திரையில் 4 மில்லிவோல்ட். விடையை 32 பிட் வேரியபிளில் வாங்கினாலும் பயனில்லை, பெருக்கல் அதற்கு முன்பே 16 பிட்டில் நடந்து முடிந்துவிட்டது. பெருக்குவதற்கு முன் ஏதாவது ஒரு பக்கத்தை 32 பிட்டுக்கு மாற்றுங்கள்.

டிஎஸ்18பி20-இல் எப்போதும் 85.0 என்றே வந்தால் மாற்றும் கோடில் தேடாதீர்கள். மின்சாரம் கொடுத்ததும் அந்தச் சென்சாரில் இருக்கும் தொடக்க மதிப்பே 85தான். 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லி விநாடி வரை ஆகும். அது முடிவதற்குள் படித்திருப்பீர்கள்.

7. எஸ்என்பிரின்ட்எஃப் என்று முடிவெடுத்தால்

ஃபார்மட் குறியும் வகையும் பொருந்த வேண்டும். ஏவிஆர்-இல் 32 பிட் எண்ணை '%டி'-யில் கொடுத்தால் அது 16 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். மிச்ச 16 பிட்டை அடுத்த குறி தன் மதிப்பாக நினைத்துக்கொள்ளும். முதல் எண்ணுக்குப் பின் வரும் எல்லாமே உளறலாக வந்தால் இதைப் பாருங்கள். நீள எண்ணுக்கு '%எல்டி', குறியில்லாததற்கு '%எல்யூ'. பல சிப்புகளுக்கும் பொதுவாக எழுதுபவர்கள் இன்ட்டைப்ஸ் ஹெடரில் இருக்கும் தயார் மேக்ரோக்களைப் பயன்படுத்துவார்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் தப்பாது. கம்பைலரின் ஃபார்மட் எச்சரிக்கைகளை இயக்கி வையுங்கள், வரும் மஞ்சள் வரியைப் படியுங்கள்.

64 பிட் எண்ணுக்கான இரட்டை எல் குறி நியூலிப்-நேனோவிலும் ஏவிஆர்-லிப்சியிலும் வேலை செய்யாது. அங்கே ஐந்தாம் படியின் லூப்தான் வழி.

இந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் எண்ணைக் கவனியுங்கள். எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல அது. இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருக்குமோ அது. பஃபர் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஸ்ட்ரிங் வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும்போது இந்த எண்ணைச் சோதிக்காமல் இடத்தோடு கூட்டினால், ஒரு கட்டத்தில் 'மிச்ச இடம்' எதிர்மறைக்குப் போகும். அளவு குறியில்லாத வகை என்பதால் அது மாபெரும் நேர்மறை எண்ணாகிவிடும். அதன் பிறகு எஸ்என்பிரின்ட்எஃப்-க்கும் ஸ்பிரின்ட்எஃப்-க்கும் வித்தியாசம் கிடையாது.

ஸ்டாக். ஃப்ரீஆர்டிஓஎஸ்-இல் (பல டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சிறு இயங்குதளம்) டாஸ்க் உருவாக்கும்போது ஸ்டாக் அளவை வழக்கமாக வேர்ட் கணக்கில் கொடுக்க வேண்டும். 128 என்றால் 32 பிட் சிப்பில் 512 பைட். இஎஸ்பி32 சிப்புகளுக்கான இஎஸ்பி-ஐடிஎஃப்-இல் மட்டும் பைட் கணக்கு. 512 பைட்டை வைத்துக்கொண்டு அந்த டாஸ்க்கில் '%எஃப்' கூப்பிட்டால் ஹார்டுஃபால்ட்டில் (சிப் பெரும்பிழை கண்டு நிற்கும் இடம்) போய் நிற்க வாய்ப்பு அதிகம். நியூலிப்பில் '%எஃப்' உள்ளுக்குள் மாலாக்கும் கூப்பிடும் என்பதால் ஹீப் அமைக்காத புராஜெக்டில் அதுவும் ஒரு தொல்லை.

ஏவிஆர்-இல் இன்னொன்று: ஃபார்மட் ஸ்ட்ரிங்குகளும் தொடக்கத்திலேயே ரேமுக்கு நகலெடுக்கப்படும். நீளமான செய்திகள் இருபது முப்பது இருந்தால் 2 கேபியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அவற்றை ஃபிளாஷிலேயே வைத்துப் படிக்கும் தனி வடிவம் லைப்ரரியில் இருக்கிறது.

8. எல்சிடியில் ஒட்டிக்கொள்ளும் பழைய இலக்கம்

16×2 எல்சிடியில் 100 காட்டிய இடத்திலேயே அடுத்து 99 எழுதினால் '990' என்று தெரியும். பழைய கடைசி பூஜ்ஜியம் அழியவில்லை. ஒவ்வொரு முறையும் திரையை முழுவதும் அழித்து எழுதினால் கண் சிமிட்டும். நிலையான அகலம் கொடுத்து இடப்பக்கம் வெற்றிடம் நிரப்பினால் போதும்: '%3டி'. கையால் எழுதியவர்கள், லூப் முடிந்த பிறகு அகலம் நிறையும்வரை முனையை இன்னும் பஃபரின் தொடக்கத்தை நோக்கி நகர்த்தி வெற்றிட எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

9. எவ்வளவு நேரம் ஆகும்

கார்டெக்ஸ்-எம்3, எம்4-இல் வகுத்தலுக்கு ஹார்ட்வேர் உண்டு. 2 முதல் 12 சைக்கிள். எம்0, எம்0+, ஏவிஆர் ஆகியவற்றில் கிடையாது. லைப்ரரி ரொட்டீன்தான் வகுக்கும். ஏவிஆர்-இல் ஒரு 32 பிட் வகுத்தலுக்குச் சில நூறு சைக்கிள் ஆகும். பத்து இலக்கம் என்றால் சில ஆயிரம். 16 மெகாஹெர்ட்ஸில் ஆயிரம் சைக்கிள் என்பது 62.5 மைக்ரோ விநாடி.

இதைக் குறைக்க, வகுக்காமல் 10000, 1000, 100, 10 என்று பத்தின் அடுக்குகளைத் திரும்பத் திரும்பக் கழிக்கும் முறை உண்டு. ஓர் இலக்கத்துக்கு அதிகபட்சம் 9 கழித்தல், இலக்கங்களும் இடமிருந்தே கிடைக்கும். மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்கினால் 32 பிட் வகுத்தலைத் தவிர்ப்பதே பெரிய லாபம்.

ஆனால் எதற்காக அவசரம் என்று ஒருமுறை யோசியுங்கள். 9600 பாட்-இல் (விநாடிக்கு 9600 பிட்) ஓர் எழுத்துக்கு 10 பிட், அதாவது 1.04 மில்லி விநாடி. 115200-இல் சுமார் 87 மைக்ரோ விநாடி. 9600-இல் அனுப்புகிறீர்கள் என்றால், மாற்றுவதில் மிச்சம் பிடித்த நேரம் ஓர் எழுத்து போவதற்குள் கரைந்துவிடும். மாற்றும் வேகத்துக்காக மெனக்கெடும் பலரும் அனுப்பும் வேகத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

இன்டரப்டுக்குள் (ஓடும் கோடை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்) மட்டும் எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றும் வேலை வேண்டாம். அங்கே மதிப்பை வாலடைல் வேரியபிளில் போட்டு ஒரு கொடியை (ஃபிளாக்) உயர்த்திவிட்டு வெளியே வாருங்கள். மெயின் லூப்பில் மாற்றிக்கொள்ளலாம். 8 பிட் சிப்பில் 16 பிட், 32 பிட் மதிப்பை மெயின் லூப்பில் எடுக்கும்போது இன்டரப்டை ஒரு கணம் நிறுத்தி நகலெடுங்கள். இல்லாவிட்டால் சில பைட் பழையதும் சில பைட் புதியதுமாக வந்து, அதையும் மாற்றும் கோடின் மேல் பழிபோடுவீர்கள்.

10. போர்டில் ஏற்றும் முன் சோதனை

மாற்றும் ஃபங்ஷனில் ஹார்ட்வேர் எதுவும் இல்லை. ஆகவே அதைத் தனிக் கோப்பாக வைத்து, கம்ப்யூட்டரிலேயே கம்பைல் செய்து சோதிக்கலாம். 16 பிட், 32 பிட் என்று அகலம் குறித்த வகைப் பெயர்களையே பயன்படுத்துங்கள். இடைக்கணக்கு வழிவதை மட்டும் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்காது, அங்கே இன்ட் 32 பிட். அந்த ஒன்றைப் போர்டில்தான் பார்க்க வேண்டும்.

கொடுத்துப் பார்க்க வேண்டிய மதிப்புகள்: 0, 9, 10, 99, 100, 255, 256, 32767, 32768, 65535, 65536, 2147483647, 4294967295. குறியுள்ளதற்கு -1, -10, -32768, -2147483648. தசமத்துக்கு 0.05, 0.5, -0.04, -0.5, 9.96, 99.95, -9.96.

ஒவ்வொரு சோதனையிலும் பஃபருக்கு முன்னும் பின்னும் ஒரு பைட் வைத்து அதில் 170 போன்ற ஓர் அடையாள மதிப்பை எழுதிவையுங்கள். மாற்றிய பிறகு இரண்டும் 170 ஆகவே இருந்தால் ஃபங்ஷன் எல்லை தாண்டவில்லை. பிறகு போர்டுக்கான பில்டைப் போட்டு, மேப் கோப்பைத் திறந்து, பிரின்ட்எஃப் குடும்பம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கையால் எழுதிய வழியைத் தேர்ந்தெடுத்தும் அது அங்கே இருந்தால், டீபக்குக்காக எங்கேயோ விட்டுவைத்த ஒரு வரி இன்னும் அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி பில்ட் போடுங்கள்.